மூன்றாவது வேண்டாம்

1

பெருநாள் கழிந்து என் அக்கா மரியம் லாத்தா மட்டாஞ்சேரிக்கு வந்திருந்தாள். ஒரு வாரம் தங்குவதாக வந்தவள் மறுநாளே ரயிலேறிவிட்டாள். ஊரில் இதற்குள் நாலு விதமாகப் பேசியிருப்பீர்கள். கொச்சிக்காரனாகிவிட்டான், கூடப் பிறந்தவளை வாசலோடு அனுப்பிவிட்டான் என்று கடைத்தெரு வரைக்கும் போயிருக்கும். நம் சங்கத்து மலருக்கு இங்கத்திய வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி நீங்கள் கேட்டு ரொம்ப நாளாகிறது. அதையும் இதையும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படி எழுதுவதற்கு உரியவர்கள் கப்பலேறிப் பினாங்கும் கொழும்பும் போனவர்கள். நான் கடலே தாண்டவில்லை. செங்கோட்டையைத் தாண்டினேன், அவ்வளவுதான். நான் வந்த புதிதில் இது வேறு நாடாகவும் தெரியவில்லை. பஜாரில் பாதிப் பேர் தமிழ் பேசினார்கள், மீதிப் பேருக்குப் புரிந்தது. மாநிலங்களைப் பிரித்த பிறகு ஒரு நாள் ரேஷன் ஆபீசில் வரிசையில் நின்றேன். குமாஸ்தா என் பேரைக் கேட்டார், வாப்பா பேரைக் கேட்டார், பிறகு தலையைத் தூக்கிப் பார்த்து, "பாண்டிக்காரனாணோ?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. மழை பெய்கிறதா என்று கேட்பது போலத்தான் கேட்டார். தமிழ்நாட்டுக்காரனா என்று அர்த்தம். ஆமாம் என்றேன். அன்றைக்குத்தான் வெளிநாட்டுக்கு வந்து சேர்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அதில் வருத்தம் உண்டா என்று கேட்டால் இப்போது சொல்லத் தெரியவில்லை. முதலில் இருந்திருக்கும். ஒரே பக்கம் படுத்துத் தூங்கினால் கை மரத்துப் போகிறதே, கிள்ளினால் யாரையோ கிள்ளுகிற மாதிரி இருக்கிறதே, அப்படி ஆகிவிட்டது.

2

நான் கொச்சியில் கால் வைத்த நாளில் பட்டினி கிடந்தேன். இதை ஊருக்கு வரும்போதெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் இன்னொரு தடவை.

கொச்சங்காடியில் ஒரு வீட்டின் முன்னறை வாடகைக்குக் கிடைத்திருந்தது. பின்பக்கம் வீட்டுக்காரர்கள். ஐஷாத்தா என்று ஒரு அம்மாள். நான் பெட்டியை இறக்கியதும் ஒரு பீங்கானில் அரிசிப் பத்திரியும் கறியும் கொண்டுவந்து நீட்டி, "கழிச்சோளூ" என்று சாப்பிடச் சொன்னாள். இரண்டு பகல் பஸ்ஸில் வந்தவன். நல்ல பசி. ஆனால் நான் நம்மூர்ப் பிள்ளை. "வேண்டாம்" என்றேன்.

நம்மூரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். வந்தவன் முதல் தடவை வேண்டாம் என்றால் அது மரியாதை. இரண்டாவது தடவை வேண்டாம் என்றால் கூச்சம். மூன்றாவது தடவை சொன்னால்தான் அது வேண்டாம். கொடுக்கிறவர்கள் மூன்று தடவை கேட்கவில்லை என்றால் அந்த வீட்டில் இல்லாமை என்று பொருள், அல்லது மனசில்லை என்று பொருள். கேட்டே தீருவார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் நெய்ச்சோறு வைக்கிறவர் இரண்டாவது வேண்டாமுக்கே கையைத் தள்ளிவிட்டு வைத்துவிடுவார்.

ஐஷாத்தா, "ஷெரி" என்றாள். பீங்கானை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் திரும்பி வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே எல்லோரும் சாப்பிடுகிற சத்தம் கேட்டது, பிறகு பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. என்ன ஜனங்கள் இவர்கள் என்று நினைத்தேன். பல வருஷம் கழித்து, நன்றாகப் பழகிய பிறகு, அவளிடமே இதைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வேண்டா எந்நு பறஞ்ஞவனோட பின்னயும் சோதிக்குந்நது மோசமல்லே மோனே? அவன் பறஞ்ஞது நொணயாணெந்நல்லே அதின்ற அர்த்தம்?" என்றாள். வேண்டாம் என்றவனிடம் மறுபடி கேட்டால் அவனைப் பொய்யன் என்று சொன்னதாகிவிடுமாம். அவர்கள் மரியாதை அது.

இரண்டுமே மரியாதைதான். நடுவில் நான் பட்டினி.

3

என் வேலை என்ன என்று ஊரில் கேட்பவர்களுக்கு "மிளகுக் கம்பெனியில் இங்கிலீஷ் எழுதுகிறேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். முதலாளி சேட்டின் மிளகும் சுக்கும் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போகின்றன. அங்கிருந்து கடிதம் வரும், இங்கிருந்து கடிதம் போகும். போகிற கடிதங்களின் முதல் நகல் என் கையெழுத்து. கீழே பாண்டிகசாலைக் கிடங்கில் சுக்கு மூட்டைகளைப் புரட்டுவார்கள். அந்தத் தூசி மாடிக்கு ஏறி வரும். நாள் முழுதும் தும்மிக்கொண்டே மரியாதையாக எழுத வேண்டும்.

சேர்ந்த புதிதில் ஒரு கடிதத்தில், எங்களுக்கு இன்ன மாதத்துக்குள் பதில் வேண்டும் என்பதற்கு "வாண்ட்" என்ற சொல்லைப் போட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் அதுதான் சொல்லிக்கொடுத்தார்கள். ஹெட் கிளார்க் மேனன் சார் என்னைக் கூப்பிட்டார். தமிழ் பேசுகிற முஸ்லிம்கள் எல்லோரும் அவருக்கு ராவுத்தர்.

"எடோ ராவுத்தரே, இது எந்தாடோ? வாண்ட்! பிச்சக்காரனுக்கும் கொச்சுகுட்டிக்கும் உள்ள வாக்கு இது. வேணும்னு காட்டினா அவன் வில கூட்டும். வேணும்னுள்ளது முகத்தில தெரியான் பாடில்ல."

வேண்டும் என்று காட்டினால் அவன் விலையை ஏற்றிவிடுவானாம், முகத்திலேயே தெரியக் கூடாதாம். பிறகு அவரே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். "நீட்" என்றால் இல்லாமல் முடியாது. அதைக் கடிதத்தில் எழுதினால் கம்பெனி திவாலாகப் போகிறது என்று எண்ணுவார்கள். "ரிக்வயர்" என்றால் அதே இல்லாமைதான், ஆனால் கோட்டுப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். "டிசையர்" மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்கு எழுதுவது. கலெக்டர் டிசையர் பண்ணலாம், நாம் பண்ணக் கூடாது. "விஷ்" என்பது கேட்கிற மாதிரியும் இருக்கும், கேட்காத மாதிரியும் இருக்கும். கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் நாங்கள் கேட்கவே இல்லை. "ஹோப்" அதைவிடவும் ஒதுங்கி நிற்கும். எல்லாவற்றிலும் நல்லது, எங்களுக்கு வேண்டும் என்றே சொல்லாமல், உங்களுக்குச் சௌகரியமானால் நாங்கள் மகிழ்ச்சியடைவோம் என்று முடிப்பது.

நான் இதில் கெட்டிக்காரனாகிவிட்டேன். பொய் சொல்லவில்லை. சேட்டுக்கு ஒரு சரக்கு உயிர்போகிற அவசரமாக வேண்டியிருந்தாலும், படிக்கிற வெள்ளைக்காரனுக்கு இவர்கள் சாயா குடித்துக்கொண்டே சும்மா கேட்டார்கள் என்று தோன்றும்படி எழுதுவேன். அடுத்தவனின் ஆசையை எடுத்துத் துடைத்து மடித்துக் கவரில் வைப்பது என் பிழைப்பு. காலையில் போய்ச் செய்கிறேன், சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன். என் பெண்டாட்டி ரஹ்மத், "மீன் வேணுமா, முட்டை பொரிக்கட்டா?" என்று கேட்பாள். "எதுவானாலும் சரி" என்பேன். கொஞ்ச வருஷமாக அவள் கேட்பதில்லை.

4

எங்களுக்கு ஒரே மகள், சுபைதா. இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், அதுவும் பாதி மலையாளம் கலந்து. எழுதப் படிக்கத் தெரியாது. இந்த மலர் அச்சாகி வந்தால் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் ஒரு தமிழ் அரிச்சுவடி வாங்கிவந்து உட்கார வைத்தேன். ஆனா ஆவன்னா வரை ஒழுங்காக வந்தாள். பிறகு பள்ளிக்கூடத்தில் மலையாள எழுத்து வந்தது. இரண்டும் அவளுக்குக் குழம்பின. வாத்தியாரம்மா ஆள் அனுப்பி, வீட்டில் வேறு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்றார். ஒரு தடவைதான் சொன்னார். இந்த ஊரில் ஒரு தடவை போதும் என்று நான் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன்.

அவள் வளர்ந்து, படகில் எர்ணாகுளம் போய்க் காலேஜில் ஒரு வருஷம் படித்து முடித்தாள். இந்த வருஷம் டீச்சர் ட்ரெயினிங்குக்கு இடம் கேட்டிருந்தாள். அதற்கு இங்கிலீஷில் ஒரு பக்கம் தன்னைப் பற்றி எழுத வேண்டும். எழுதி என்னிடம் நீட்டினாள். முதல் வரியிலேயே டீச்சராக வேண்டும் என்பதற்கு "வாண்ட்" போட்டிருந்தாள்.

நான் மேனன் சாராகிவிட்டேன். "இத மாத்து. விஷ்னு போடு. அதுதான் மரியாத" என்றேன்.

"ரெண்டுக்கும் எந்தா வித்தியாசம் வாப்பா?"

சொன்னேன். விஷ் என்றால் கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டாலும் குற்றமில்லை. வாண்ட் என்றால் கையை நீட்டிவிட்டாய். அப்புறம் மடக்க முடியாது.

காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அப்போ வாண்ட் தன்னே இருக்கட்டும். எனக்கு கிட்டலேன்னா குற்றமுண்டு" என்றாள்.

அவள் எழுதினபடியே அனுப்பினோம். இடம் கிடைத்தது. ஒரு சொல்லால் கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன். மார்க் இருந்தது, கிடைத்தது. ஆனால் என் வீட்டில் ஒருத்தி கையை நீட்டி ஒன்றைக் கேட்டாள் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டும் என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. மறைக்கத் தெரியவில்லை அவளுக்கு.

5

லாத்தாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. உம்மா மௌத்தான பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள். வாப்பா வீட்டை எங்கள் இரண்டு பேருக்கும் விட்டுப்போனார். அதில் மாடி என்னுடையது. நான் வந்து இருப்பேன் என்று அதை இதுவரை யாருக்கும் வாடகைக்கு விடாமல் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறாள். வேலை முடிந்ததும் ஊரோடு வந்துவிடுவதுதான் என் எண்ணமும். எண்ணம் என்ன, எனக்கென்று மிச்சமிருந்த ஒரே விருப்பம் அதுதான். மேனன் சார் சொன்ன ரகத்தில் அது விஷ்.

லாத்தா மகன் காதரை உங்களுக்குத் தெரியும். நல்ல பையன். ஜவுளிக்கடையை ஒழுங்காகப் பார்க்கிறான். சுபைதா அவனுக்குத்தான் என்று அவள் தொட்டிலில் கிடக்கும்போதே லாத்தா சொல்லிவிட்டாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சுபைதா அங்கே மருமகளாகப் போனால், பின்னாலேயே நாங்களும் மாடிக்குப் போய்விடலாம். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

பெருநாள் கழிந்து லாத்தா வந்தாள். தாம்பாளம், சீனி, கல்கண்டு, வாழைப்பழம், அரக்குப் பட்டுச் சேலை ஒன்று. இங்கே கிடைக்காது என்று தாம்பாளத்தைக்கூடச் சுமந்துகொண்டு வந்திருந்தாள். குளித்துவிட்டு, ரஹ்மத் வைத்த சாயாவை மூன்றாவது தடவை கேட்டதும் வாங்கிக் குடித்துவிட்டு, சுபைதாவைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலையைத் தடவினாள்.

"என்ன பிள்ள, எங்க வீட்டுக்கு வந்துருதியா? மச்சான் ஒனக்குச் சேல எடுத்துக் குடுத்துருக்கான் பாரு."

சுபைதா சேலையைத் தொட்டுப் பார்த்தாள். மரியாதையாகத்தான் சொன்னாள். "வேண்டா மாமி. காதர் மச்சான் நல்ல ஆளாணு. பக்ஷே எனக்குக் கல்யாணம் இப்போ வேண்டா. நான் ட்ரெயினிங்குக்குப் போறேன். டீச்சராகணும்."

லாத்தாவின் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியா ரஹ்மத்து, வெக்கத்தப் பாரு! கொச்சியில பொறந்தாலும் நம்ம பிள்ளதான. மொதத் தடவையே வேணும்னா எந்தப் பொம்பளப்பிள்ள சொல்லும்?" என்று சிரித்தாள். சீனியை ஒரு சிட்டிகை எடுத்துச் சுபைதா வாயில் போட்டாள். சுபைதா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். மாமி இனிப்பு ஊட்டினாள் என்றுதான் அவள் நினைத்தாள்.

நம்மூரில் அதற்கு வேறு அர்த்தம். அந்தச் சீனியை விழுங்கினால் நிச்சயம் முடிந்தது.

அந்த அறையில் அவர்கள் இரண்டு பேர் பேசியதும் எனக்கும் ரஹ்மத்துக்கும்தான் புரிந்தது. லாத்தா எப்படி எடுத்துக்கொண்டாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை, அவள் சொன்னது லாத்தாவுக்குக் கேட்கவில்லை. எனக்கு நெஞ்சு பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. ஜெட்டியில் படகு ஊதுகிற சத்தம் கேட்டது. நாலரைப் படகு என்று நினைத்துக்கொண்டேன்.

6

சுபைதா ஐஷாத்தாவைப் பார்க்கப் பின்பக்கம் போனாள். லாத்தா தொழுதுகொண்டிருந்தாள். ரஹ்மத் அடுப்படிக்கு என்னைக் கூப்பிட்டாள்.

"ஒங்க லாத்தா கல்யாணத்துக்கு மாசம் குறிக்க ஆரம்பிச்சிட்டாக. பிள்ளைக்கு ஒண்ணும் புரியல. நீங்க பேசாம ஒக்காந்திருக்கிய."

"என்ன பேச?"

"ஒங்களுக்கு என்ன வேணும்? அதச் சொல்லுங்க. நான் அதுக்குத் தக்கன பேசிக்கிடுதேன்."

அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, கெஞ்சுகிறாள். எனக்கு என்ன வேண்டும்? நினைத்துப் பார்த்தேன். மாடி வேண்டும். லாத்தா வேண்டும். சுபைதாவின் முகம் அப்படியே இருக்க வேண்டும். மூன்றும் மூன்று மூட்டையாகத் தெரிந்தனவே தவிர, எதைத் தூக்கினாலும் கனம் தெரியவில்லை. "தெரியல ரஹ்மத்து" என்றேன். அது உண்மை.

"சரி. அப்போ அவளுக்கு என்ன வேணும்னு தெரியுமா?"

அது தெரியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வீட்டில் வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

நான் கூடத்துக்கு வந்தேன். லாத்தா தொழுகை முடிந்து முசல்லாப் பாயை மடித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் மனசுக்குள் வந்தது. வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம், தற்சமயம் இயலாமைக்கு, எதிர்காலத்தில் வாய்ப்பு ஏற்படின். இருபது விதமாக மறுக்க என்னால் முடியும். எல்லாமே லாத்தாவுக்கு ஒன்றுதான், எதுவும் புரியாது. நம் பாஷையில் எனக்கிருந்தது ஒரே ஒரு சொல்.

"வேண்டாம் லாத்தா" என்றேன்.

"என்னது?"

"காதருக்குச் சுபைதா. அதத்தான் சொல்லுதேன்."

சிரித்தாள். "ஒனக்கும் வெக்கமா? பொண்ணு வீட்டுக்காரன் கொஞ்சம் பிகு பண்ணத்தான் செய்வான். பண்ணு. நானும் கேக்கேன். அவ படிக்கணும்னா ஊர்லயே படிக்கட்டும். பிள்ளையத் தா தம்பி."

"வேண்டாம் லாத்தா."

சிரிப்பு நின்றது. முசல்லாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு இரண்டாவது தடவை வரை வழி இருந்தது. கூச்சம் என்று எடுத்துக்கொள்ளலாம். அவள் அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூன்று தடவை கேட்காமல் விட்டால் அவளுக்கு மனசில்லை என்றாகிவிடும். என்னை வளர்த்தவள் அப்படி விடமாட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"மாடியத் தொறந்து சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கேன். ஒனக்கும் ஒம் பெண்டாட்டிக்கும்தான். நல்லா யோசிச்சுச் சொல்லு. பிள்ளையத் தருவியா, மாட்டியா?"

"வேண்டாம்" என்றேன்.

லாத்தா அழவில்லை, ஏசவில்லை. நம் முறை அப்படித்தானே, மூன்றாவதற்குப் பிறகு பேச்சில்லை. சேலையை மடித்தாள், சீனியைக் காகிதத்தில் கட்டினாள், தாம்பாளத்தைத் துடைத்துப் பையில் வைத்தாள். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். மாடி போய்விட்டது என்று தெரிந்தது. தெரிந்ததே தவிர வலிக்கவில்லை. அது எப்போது வலிக்கப் போகிறதோ, அல்லாவுக்குத்தான் தெரியும்.

7

மறுநாள் காலை ரயில். லாத்தா புர்காவைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சுபைதா அவள் காலடியில் உட்கார்ந்து மாமி ஏன் இத்தனை சீக்கிரம் போகிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். லாத்தா அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். தடவுவதை மட்டும் நிறுத்தவில்லை.

ரஹ்மத் சாயா கொண்டுவந்தாள். நான் அதை வாங்கி லாத்தாவிடம் நீட்டினேன்.

"சாயா குடிச்சிட்டுப் போ லாத்தா."

"வேண்டாம்."

"தூரத்துப் பயணம். ஒரு மடக்குக் குடி."

"வேண்டாம்."

கிளாஸ் கையில் சுட்டது. அடுத்த தடவை கேட்க வேண்டும். ஊர் முறை தெரிந்தவன், கேட்டிருக்க வேண்டும். லாத்தா தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தாள். நானும் வாயைத் திறந்தேன். அவள் என்ன சொல்வாள் என்பது எனக்குத் தெரியும். சொல்லிவிட்டால் எங்களுக்குள் முடிந்தது. நான் கிளாஸை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

ஸ்டேஷனில் அவள் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளை மாதிரி வளர்த்த தம்பி ஒரு சாயாவுக்குக்கூட மூன்றாவது தடவை கேட்கவில்லை என்று ஊரில் வந்து சொல்லியிருப்பாள். சொன்னால் அது உண்மைதான். அதை மறுக்க இதை எழுதவில்லை.

சுபைதா ட்ரெயினிங்குக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். காலையில் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டை விட்டு இறங்குகிறோம். அவள் படகுக்கு, நான் சுக்குத் தூசிக்கு.

லாத்தாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. மலர் வந்ததும் அவளுக்கு யாராவது வாசித்துக் காட்டுவீர்கள். கடைசி வரைக்கும் வாசியுங்கள். தம்பி இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறான், மூன்றாவது தடவை இன்னும் கேட்கவில்லை என்று சொல்லுங்கள்.